முதியோர் இல்லங்களும் பணியாளர் எண்ணிக்கையும்

கொல்கத்தாவின் அலிப்பூர், தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் தலைமையிடமாகும். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது இம்மாவட்டத்தில் 81 லட்சத்திற்கும் மேற்பட்டோர் வசித்தனர். அப்போது நாட்டின் மக்கள் தொகையில் 8.6 சதவீதத்தினர் 60 வயதை எட்டியவர்கள். இவ்விகிதத்தைப் பொருத்தினால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் முதியோர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் என மதிப்பிடலாம்.

2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்குவதற்கான இல்லங்களை, மாவட்டத்திற்கு ஒன்றேனும் என்ற அளவில் தொடங்கி, மாநில அரசுகள் நிறுவலாம் என்கிறது. இல்லங்களின் தரத்தை வகுப்பதும் மாநில அரசுகளின் பொறுப்பே. தங்குவோர் எண்ணிக்கையைக் கூறும் இப்பிரிவு, அவர்களைக் கவனிப்போர் எண்ணிக்கையைக் கூறவில்லை. பராமரிப்பின் தரமோ பெரிதும் அதனையே சார்ந்துள்ளது.

ஒரு கூடத்தில் எந்நேரமும் ஓர் உதவியாளர் இருக்க வேண்டும் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரப் பணிமுறைகள் 3, வாரத்திற்கு 21. வாரத்தில் 6 நாள் பணிபுரியும் மூவர் 18 பணிமுறைகளையே நிரப்ப இயலும். விடுப்பையும் நோயையும் கணக்கிட்டால், ஓர் இடத்திற்கு 4 பேர் தேவை. மூவரை மட்டும் நியமித்தால், வாரத்தில் 3 பணிமுறைகள் ஆளின்றிக் கழியும். அல்லது ஒருவரே 16 மணி நேரம் தொடர்ந்து உழைக்க நேரிடும்.

படுத்த படுக்கையாக உள்ளவரை ஏறத்தாழ 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். அதற்கும் துணி மாற்றுவதற்கும் 10 நிமிடம் எனக் கொண்டால், 12 பேரைக் கவனித்து முடிப்பதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். தண்ணீர் கேட்பவருக்குக் கொடுக்கவும் உதவியாளருக்கு நேரமிராது. சுற்று தவறினால் படுக்கைப்புண் உண்டாகலாம். அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. இதற்கு அவருடைய கருணைக் குறைவைக் காரணமாகக் கூறுவது நியாயமன்று.

நூற்பாலையில் ஆட்குறைவை இயந்திரம் ஈடுசெய்யக்கூடும். இங்கோ பணியாளர் செலவிடும் நேரமே முதியவர் பெறும் சேவை. எனவே சம்பளச் செலவைக் குறைப்பது சிக்கனமாகாது, சேவையையே குறைப்பதாகும்.

ஆய்வுக்குச் செல்லும் அதிகாரி கட்டடத்தையும் சமையற்கூடத்தையும் பார்வையிடுவதோடு நில்லாமல், சென்ற மாதத்தின் இரவுப்பணி வருகைப் பதிவேட்டையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். படுக்கையில் உள்ளோர் எத்தனை பேர், அவர்களுள் படுக்கைப்புண் உள்ளோர் எத்தனை பேர் என்பதை அப்பதிவேட்டுடன் ஒப்பிட்டால், இல்லத்தின் உண்மை நிலை புலப்படும்.