மூடிய யுரேனியச் சுரங்கங்களும் பின்னணிக் கதிர்வீச்சு வரைபடமும்

கிழக்கு ஜெர்மனியின் சாக்சனி, தூரிங்கியா பகுதிகளில் விஸ்முட் நிறுவனம் 1946 முதல் 1990 வரை இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட யுரேனியத்தை எடுத்து ஓய்ந்தபோது, எஞ்சிய கழிவுக் குவியல்கள் சுற்றுப்புறக் கதிர்வீச்சை எவ்வளவு உயர்த்தியுள்ளன என்ற வினா எழுந்தது. எர்ஸ்கெபிர்க மலைத்தொடரின் கருங்கல்லிலேயே யுரேனியம் இயல்பாகக் கலந்திருப்பதால், மண்வெட்டி படாத நிலத்திலும் கருவி ஓர் அளவைக் காட்டும். பாறை, மண், காற்று, விண்வெளி ஆகியவற்றிலிருந்து எங்கும் வந்துகொண்டிருக்கும் அந்த அளவே இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு எனப்படும்.

அதனை வரைபடமாக்க உதவுவது காமா நிறமாலைமானி. காமாக் கதிர் பட்டதும் சோடியம் அயோடைடு படிகத்தில் தோன்றி மறையும் ஒளியின் அளவு அக்கதிரின் ஆற்றலைப் பொறுத்தது என்பதால், அதனைக் கொண்டே கதிரின் மூலத்தை இனங்காணலாம். 1,460 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பொட்டாசியம்-40ஐயும், 2,614 தோரியத் தொடரின் தாலியம்-208ஐயும், 1,764 யுரேனியத் தொடரின் பிஸ்மத்-214ஐயும் சுட்டும். ஹெலிகாப்டரிலிருந்து அளந்தால் வேலை விரைவில் முடியும். ஆயினும் பரந்த நிலத்தின் சராசரியே கிடைப்பதால், சிறு குவியல்களைக் காண நடந்தே அளக்க வேண்டும்.

வரைபடத்தில் ‘யுரேனியம்’ எனக் குறிக்கப்படுவது உண்மையில் யுரேனியம் அன்று. அதன் சிதைவில் பிறந்த பிஸ்மத்தை அளந்து, யுரேனியமும் உடனிருக்கும் எனக் கொண்ட கணிப்பே அது. ஆலைகளோ தாதுவிலிருந்து யுரேனியத்தை மட்டும் பிரித்துக்கொண்டு, 1,600 ஆண்டு அரைவாழ்வுக் காலமுடைய ரேடியத்தைக் கழிவுச் சேற்றிலேயே விட்டுவிடுவதால், யுரேனியம் நீக்கப்பட்ட குட்டைகளே அத்தனிமம் நிறைந்தவைபோல் வரைபடத்தில் தெரியும். இதற்கு மாறாக, ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு தளர்ந்த குவியல்களின் இடுக்குகள் வழியே வெளியேறினால் அளவு குறைந்து தோன்றும். மழையோ இரண்டையும் செய்யும்: காற்றிலுள்ள ரேடானின் சிதைவுப் பொருள்களை நிலத்தில் இறக்கிச் சில மணி நேரம் அளவைக் கூட்டும், நனைந்த மண்ணோ கதிர்களை உறிஞ்சி அதனைக் குறைக்கும்.

சுரங்கத்தின் பங்கை அறிய, அளந்த மதிப்பிலிருந்து பின்னணியைக் கழிக்க வேண்டும். நாட்டுச் சராசரியைக் கழித்தால் இயற்கையின் பங்கும் சுரங்கத்தின் தலையில் விழும் என்பதால், அதே வகைப் பாறையுடைய, தோண்டப்படாத நிலத்தை ஒப்பீட்டுக்கு எடுப்பதே முறை. அத்தகைய நிலம் அங்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஷ்னீபெர்க் போன்ற ஊர்களில் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே வெள்ளிக்காக மலையைக் குடைந்தவர்கள், யுரேனியத் தாதுவான பிட்ச்பிளெண்டைப் பயனற்ற கல்லென்று ஒதுக்கினர். பின்னணியைத் தெரிவு செய்த முறையை விளக்காத வரைபடத்தை ஐயத்துடனேயே அணுக வேண்டும். வீடுகளுக்குள் தேங்கும் ரேடானையும் இத்தகைய காமா வரைபடம் காட்டாது. அதனை வீட்டுக்கு வீடு தனியே அளந்தாக வேண்டும்.