வெள்ளைச் சோறும் மூன்று போத்தல்களும்

என் மகன் 2009 இல் செட்டிகுளம் முகாமில் பிறந்தவன். தகப்பனைக் கண்டதில்லை. அளவெட்டிக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவனுக்கு ஓட்டிசம் என்று தெரியவந்தது.

ஏழு வயதிலும் வெள்ளைச் சோறு, வெள்ளை இடியப்பம், ஒரேவகைப் பிஸ்கற் தவிர வேறொன்றும் தொடமாட்டான். சோற்றில் கறியின் மஞ்சள் பட்டாலே கோப்பையைத் தள்ளிவிடுவான். "செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டாய்" என்று அயலில் என் காதுபடவே சொன்னார்கள். தவிலுக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. கோயிலில் தவில் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். காதுக்கு அந்தச் சத்தம் எப்படியோ, நாவுக்குக் கறியும் அப்படித்தான் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. 1943 இல் லியோ கானர் என்ற வைத்தியர் ஓட்டிசம் பற்றி எழுதிய 11 பிள்ளைகளிலும் பலருக்குச் சாப்பாட்டுச் சிக்கல் இருந்ததாம். அதை அறிந்த அன்று ஆறுதலாக அழுதேன்.

கனடாவிலிருந்து மச்சாள் விற்றமின் போத்தல்கள் அனுப்பினா. பேச்சு வரும் என்றா. அவை முடிய நானே கடையில் வாங்கினேன். தையல் காசு முழுக்க அதற்கே போனது. பேச்சு வரவில்லை.

கிளினிக்கில் வைத்தியர் மூன்று போத்தல்களின் லேபல்களையும் வாசித்துக் கூட்டிப் பார்த்தார்.

"அம்மா, மூண்டிலயும் விற்றமின் ஏ இருக்கு. இது உடம்பில தங்கும். அளவு மிஞ்சினால் தலையிடி, வாந்தி வரும், ஈரலும் பழுதாகும்."

விற்றமின் பீ6 ஐ நெடுநாள் கூடுதலாகக் கொடுத்தால் நரம்பு கெட்டுக் கைகால் விறைக்குமாம். அதை மக்னீசியத்தோடு கொடுத்தால் ஓட்டிசம் மாறும் என்பது பழைய நம்பிக்கை. ஆராய்ச்சிகள் அதை நிரூபிக்கவில்லை.

அதற்காக விற்றமினே வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை. பழம், மரக்கறி அறவே சாப்பிடாத ஓட்டிசப் பிள்ளைகள் சிலர் விற்றமின் சீ இல்லாமல் முரசில் இரத்தம் கசிந்து, நடக்கவும் முடியாமல் போயிருக்கிறார்கள். இரத்தம் சோதித்ததில் என் மகனுக்கு இரும்புச்சத்துக் குறைவு. அதற்கு மட்டும் பாணி தந்தார். தேநீரோடு கொடுக்கக்கூடாது என்றார்.

ஒருநாள் முருங்கையிலையை அரைத்துச் சோற்றில் ஒளித்தேன். கண்டுபிடித்துவிட்டான். இரண்டு நாள் சோற்றையே தொடவில்லை. தாய்மாரே, அதை மட்டும் செய்யாதீர்கள்.

பிறகு அவனுடைய வெள்ளையிலேயே தொடங்கினேன். இடியப்ப மாவில் ஒரு கரண்டி உளுத்தம்மா, பிறகு அவித்த முட்டையின் வெள்ளை, பிறகு தயிர். பக்கத்தில் சின்னத் தட்டில் உரித்த கதலிப்பழம் ஒரு துண்டு, தின்னச் சொல்லமாட்டேன். முதலில் தட்டை எறிந்தான். பிறகு மணந்து பார்த்தான். மூன்றாவது கிழமை நக்கினான்.

இப்போது என்னிலும் உயரம். பப்பாசி இன்னும் ஆகாது. கதலிப்பழம் நாளுக்கு இரண்டு.