ஸ்வெம்: திவ் மக்களின் சத்தியக் கலயம்

நைஜீரியா, பெனுவே ஆற்றுப் பகுதி

சாம்பலும் இலைகளும் இட்ட இந்தச் சிறு மண்கலயத்தின் மீது சத்தியம் செய்துதான் திவ் உழவர்கள் சாட்சி சொன்னார்கள். தங்கள் முன்னோர் வாழ்ந்ததாக அவர்கள் போற்றும் மலைக்கும் ஸ்வெம் என்றே பெயர். பொய்ச் சத்தியம் செய்தவருக்கு வயிறும் கால்களும் வீங்கிச் சாவு நேரும் என்று நம்பினர். அந்த அச்சமே சாட்சிக்குக் காவல்.

வழக்கை விசாரித்தது ‘ஜிர்’ எனப்படும் பெரியவர்களின் அவை. அடிதடியோ கடனோ மணமுறிவோ, சம்பந்தப்பட்டவர்கள் மனம் ஒப்பும்வரை பேச்சு நீளும். அவர்கள் ஏற்காத தீர்ப்பு நிலைக்காது. இந்தப் பொறுமை மதிக்கத்தக்கது.

ஆங்கிலேயர் அமைத்த உள்ளூர் நீதிமன்றங்களிலும் ஸ்வெம் சத்தியம் தொடர்ந்தது. மானுடவியலாளர் பால் போஹனன் இந்த நீதிமுறையை நேரில் கண்டு 1957இல் நூலாக வெளியிட்டார்.