எந்தப் பாடம் உசத்தி?

பிளஸ் டூ முடித்ததும் எல்லாரும் கேட்பது, "என்ன படிக்கப் போற?" வரலாறு, தமிழ் என்றால் உடனே, "ஏன், மார்க் கம்மியா?" என்பார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அசோகர் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு 'சத்தியபுத்திரர்' என்றும் வரும். அவர் யாரென்று அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். விடை கிடைத்தது நம்ம பக்கத்து ஊர் ஜம்பையில்! 1981-ல் கண்டுபிடித்த தமிழிக் கல்வெட்டில், அந்தப் பெயரோடு அதியமான் நெடுமான் அஞ்சி பெயரும் சேர்ந்தே இருந்தது. வரலாறும் பழைய எழுத்தும் படித்தவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் பாறைக் கீறல்தான்.

இன்னொன்று. தமிழி எழுத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ஐராவதம் மகாதேவன் கல்லூரியில் படித்தது வேதியியலும் சட்டமும்! ஆகவே, எடுத்த பாடத்தை வைத்து ஆளை எடை போடாதீங்க. "அதுல உனக்கு என்ன புடிச்சுது?" என்று கேளுங்க. நான் வரலாறுதான் எடுக்கப் போறேன்.