செர்ரி பூக்கும் வரிசையில்

மார்ட்டின் ட்ரோ 1973இல் உயர்கல்வியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். கல்லூரி வயதினரில் 15 சதவீதத்துக்குக் குறைவானவர்கள் படித்தால் அது மேட்டுக்குடிச் சலுகை. அதற்கு மேல் வெகுமக்களுக்கானது. 50ஐத் தாண்டினால் எல்லாருக்குமானது. கிழக்காசியா இந்தப் படிகளை ஓடியே கடந்துவிட்டது. கடந்த பிறகு என்ன ஆச்சு என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

தென்கொரியாவில் 1980 ஜூலையில் ராணுவ ஆட்சி தனிப்பயிற்சியைத் தடைசெய்தது, கூடவே கல்லூரி இடங்களைப் பெருக்கியது. குவாங்ஜூ படுகொலை நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நடுத்தர வர்க்கத்தின் வாயை அடைக்கக் கொடுத்த சீட்டு என்றே இதை வாசிக்கத் தோன்றுகிறது. 1996இல் தனியார் பல்கலைக்கழகம் தொடங்கும் விதிகளும் தளர்ந்தன. 2008இல் பள்ளி முடித்தவர்களில் 83 சதவீதத்துக்கு மேல் மேற்படிப்புக்குப் போனார்கள்.

இப்போது படிக்கப் பிள்ளைகள் இல்லை. 2023இல் பெண் ஒருவருக்கு 0.72 குழந்தை. செர்ரி பூக்கும் வரிசையில் பல்கலைக்கழகங்கள் மூடப்படும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. பூ தெற்கே முதலில் பூக்கும், சியோலுக்குப் பிந்தித்தான் வரும். மையமும் விளிம்பும் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர்கள் ஒரு பூவை வைத்துச் சொல்லிவிட்டார்கள். தென்மேற்கில் நாம்வொன் ஊரின் சொனாம் பல்கலைக்கழகம் 2018இல் மூடப்பட்டது. உடனடிக் காரணம் நிறுவனரின் கையாடல்தான். ஆனாலும் மாணவர் போனதும் காலியானவை அந்த ஊரின் வாடகை அறைகளும் சாப்பாட்டுக் கடைகளும்.

சதவீதம் ஒரு பின்னம் என்பதை மறந்துவிடுகிறோம். ஜப்பானில் 18 வயதினர் 1992இல் சுமார் 20.5 லட்சம், இன்று ஏறக்குறைய அதில் பாதி. சேர்க்கை விகிதம் 2009இல் 50ஐத் தாண்டியதில் கீழே இருக்கும் எண் சுருங்கியதற்கும் பங்குண்டு. 2024இல் தனியார் பல்கலைக்கழகங்களில் 59 சதவீதம் இடங்களை நிரப்ப முடியாமல் நின்றன.

சீனாவின் கதை வேறு. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின், வீட்டில் முடங்கிய சேமிப்பை வெளியே இழுக்கக் கல்லூரியைத் திறந்துவிடலாம் என்று 1998இல் பொருளாதார அறிஞர் டாங் மின் யோசனை சொன்னார். அடுத்த ஆண்டே சேர்க்கை 10.8 லட்சத்திலிருந்து 16 லட்சமானது. 2023இல் பட்டதாரிகள் 1 கோடியே 15 லட்சத்துக்கு மேல். லூ சுன் 1919இல் வெளியிட்ட கோங் யீஜி நினைவிருக்கும்: படிச்சவன் என்பதற்காக நீள அங்கியைக் கழற்றாமல், கூலிக்காரர்களோடு நின்று குடிக்கும் ஏழை. பட்டம் வாங்கிய பிள்ளைகள் தங்களைக் கோங் யீஜி என்று எழுதத் தொடங்கினார்கள். அங்கியைக் கழற்று என்று அரசுத் தொலைக்காட்சி உபதேசம் செய்தது. ஜூனில் இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. ஆகஸ்டில் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் அது திரும்பி வந்தபோது மாணவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள்.