தொற்று வியாதியும் நமது ஜன்னல்களும்

1918-ம் வருஷம் ஜூன் மாதம் பம்பாய் நகரில் போலீஸ் சிப்பாய்கள் ஏழு பேர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் துறைமுகக் காவலில் இருந்தவர். ஐரோப்பிய யுத்தம் அப்பொழுது முடியவில்லை. துருப்புகளை ஏற்றிய கப்பல்கள் வந்த வண்ணம் இருந்தன. வியாதி கப்பலில் வந்தது என்றார் நகரச் சுகாதார அதிகாரி. இல்லை, கப்பலில் வந்தவர்களுக்கு நகரத்தில்தான் அது பிடித்தது என்று சர்க்கார் தரப்பில் சாதிக்கப்பட்டது. இந்தத் தர்க்கம் முடியுமுன்னரே ரயில் வண்டிகள் அக்காய்ச்சலைத் தேசமெங்கும் கொண்டு சேர்த்தன. அவ்வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்த இரண்டாம் அலையே பெருநாசம் விளைத்தது. இந்தியாவில் மாண்டவர் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரை என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலவாறு கணக்கிடுகின்றனர். 1911-க்கும் 1921-க்கும் இடையே தேசத்தின் ஜனத்தொகை வளராமல் சிறிது குறைந்தே போயிற்று என்பதைக் குடிக்கணக்குப் புத்தகத்தில் இன்றும் காணலாம்.

அன்று வைத்தியர்களுக்குத் தங்கள் எதிரி யார் என்றே தெரியாது. ஒரு பாக்டீரியாவின் மீது பழி போட்டிருந்தார்கள். மனிதரைப் பீடிக்கும் இன்புளூயன்ஸா வைரஸ் 1933-ல்தான் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே அவர்கள் தவறியதில் வியப்பில்லை. நூறு வருஷங்களுக்குப் பின்னர், கொரோனா வைரஸ் இன்னதென்று சில வாரங்களிலேயே அறிந்துகொண்ட நாம், அது எவ்வழியே வருகிறதென்பதில் தவறினோமே, அதுதான் வியப்பு.

விஷயம் யாதெனில், மனிதன் இருமும்போது மட்டுமல்ல, பேசும்போதும் பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட வாயினின்றும் மூக்கினின்றும் நீர்த்துளிகள் வெளிவருகின்றன. பெருந்துளிகள் ஓரிரண்டு கஜ தூரத்துக்குள் தரையில் விழுந்துவிடும். மிக நுண்ணிய துளிகளோ விழுவதில்லை. மூடிய அறையில் சாம்பிராணிப் புகை எவ்வாறு மூலை முடுக்கெல்லாம் பரவி நிற்குமோ, அவ்வாறே நெடுநேரம் மிதந்து நிற்கும். வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் இதனை 1934-லேயே எடுத்துக் காட்டினார். இருந்தும் 2020 மார்ச்சு மாதக் கடைசியில் உலக சுகாதார ஸ்தாபனம், கொரோனா காற்றில் பரவுவதன்று என்று உலகுக்கு அறிவித்தது. அம்மாதம் 10-ந் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் ஒரு மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகினார்கள். அவர்களுள் ஒருவருக்கு ஜலதோஷம் போன்ற உபாதை இருந்தது. பின்னர் 53 பேர் வரை வியாதியில் விழுந்தனர், இருவர் மாண்டனர். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கூடிக் கையெழுத்திட்டு முறையிட்டார்கள். ஸ்தாபனத்தார் படிப்படியாக இறங்கிவந்து, 'காற்று வழியே' என்ற சொல்லைப் பொதுவில் வரையறுத்து ஏற்றது 2024-ல்! இதற்கிடையில் நமது வீடுகளில் காய்கறிகளைக்கூடச் சோப்பு நீரில் கழுவிக்கொண்டிருந்தோம். ஜன்னலைத் திறக்கத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

கை கழுவுவது வீண் என்று நாம் கூறவில்லை. கொரோனா, இன்புளூயன்ஸா ஆகிய வைரஸ்களின் மேலுறை கொழுப்பாலாயது. சோப்பு அதனைக் கரைத்துக் குலைத்துவிடும். வெளியே சென்று வந்ததும், உண்ணுமுன்னும், விரலிடுக்குகள் உட்பட நன்றாய்த் தேய்த்துக் கழுவ வேண்டியதே. ஆனால் அது வாயிற்படியை மட்டும் காப்பது போன்றது. நம்மவர் வீடுகளில் ஒருவர் காய்ச்சலாய்ப் படுத்தால் முதற் காரியமாகக் கதவு ஜன்னல்களை அடைத்து விடுகிறோம். குளிர் காற்றுப் பட்டால் ஜன்னி காணும் என்ற பயம். உள்ளே தங்கும் மூச்சு, பணிவிடை செய்யும் மனைவியையும் தாயையும் பற்றுகிறது. போர்த்துவது நோயாளிக்கு, திறப்பது அறைக்கு. குளிர்சாதன அறைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றித் தரும் இயந்திரம் அறையைக் குளிரச் செய்யுமேயன்றிச் சுத்தம் செய்யாது.

முகக்கவசத்தையும் அவ்வண்ணமே கருத வேண்டும். மூக்கையும் வாயையும் இடைவெளியின்றி மூடினால்தான் பயனுண்டு. மோவாயில் தொங்கவிட்டு, போலீஸ்காரரைக் கண்டதும் ஏற்றிக்கொள்வது அபராதத்திலிருந்து காக்கும், வியாதியிலிருந்து காக்காது. மேலும், கொரோனா பீடித்தவர் தமக்கு உபாதை தெரிவதற்கு ஓரிரண்டு தினங்கள் முன்னரே பிறருக்குக் கொடுத்துவிடக் கூடும். ஆதலால் இருமுகிறவரைக் கண்டு விலகினால் போதும் என்பது சரியன்று.

விலகுதல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'சமூக விலகல்' என்றொரு சொற்றொடர் அப்பொழுது வழங்கிற்று. தீண்டாமையால் வெட்கித் தலைகுனிந்த தேசத்தில் இதைவிடப் பொருத்தமற்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. வேண்டியது தேக இடைவெளி, மனிதரைத் தள்ளுவதன்று. அப்படித் தள்ளியதையும் பார்த்தோம். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு வைத்தியரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டு சென்றபோது ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கித் துரத்திற்று. இறந்தவர் மூச்சு விடுவதில்லை. முறைப்படி சுற்றிய உடலிலிருந்து அடுத்த தெருவுக்கு வியாதி பறந்து வருவதுமில்லை. நெருங்கி நின்று கூச்சலிட்ட அக்கூட்டத்தில்தான் அபாயம் இருந்தது. கடைசியில் அவருடைய சக வைத்தியர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூட நேர்ந்தது.

பொதுக் காரியங்களில் உழைக்கும் நண்பர்களுக்கு இதில் நேரான பொறுப்பு உண்டு. உரக்கப் பேசுந்தோறும் துளிகள் மிகுதியாய் வெளிவருகின்றன. நமது தொழிலோ உரக்கப் பேசுவது. தொற்றுக் காலத்தில் கூட்டத்தைச் சத்திரத்து மாடியறையில் கூட்டாமல் மைதானத்திலோ மரத்தடியிலோ கூட்டலாம். கோஷங்களை ஒலிபெருக்கி முழங்கட்டும். ஜுரம் கண்ட ஊழியர், எவ்வளவு முக்கியமானவராயினும், வீட்டிலிருப்பதே சேவையாகும். தடுப்பூசி, வியாதி கடுமையாகாமலும் மரணம் நேராமலும் பெரும்பாலும் காக்கிறதென்பதை வீடு வீடாய்ச் சென்று சொல்லவும் அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை.

ஆயினும் ஒரு கேள்வி நிற்கிறது. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் காய்ச்சலென்று ஐந்து நாள் வீட்டிலிருந்தால் ஆறாம் நாள் அடுப்பெரிவது எப்படி? ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் குடிசையில் எந்த ஜன்னலைத் திறப்பது? இவற்றுக்குச் சோப்பும் துணியும் விடையாகா. நோயுற்ற நாட்களுக்குக் கூலியும், நோயுற்றவர் தனித்திருக்க ஊர்தோறும் காற்றோட்டமான ஓரிடமும், அடுத்த தொற்று வருவதற்கு முன்னரே சர்க்கார் ஏற்படுத்த வேண்டும். பள்ளிக்கூடங்கள், ரயில் பெட்டிகள், ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடங்கள் ஆகியவற்றில் மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறதென்று அளந்து, அக்கணக்கை வாயிலில் எழுதி வைக்கும்படியும் நமது சட்டசபை அங்கத்தினர்கள் கேட்கலாம்.