தீராத வாயு

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டிக் கிடக்கும் தெருக்களில், சித்திரை பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும், குளிர்சாதன யந்திரத்தைப் பார்க்க வரும் மெக்கானிக்குகளில் பலர் 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று கூறி, நிரப்பி, கூலி பெற்றுச் செல்வதும், மறு வருஷமும் அதே சம்பாஷணை நிகழ்வதும் வழக்கமாகிவிட்டன. அடுப்பு வாயு தீரும். குளிர்சாதன வாயு தீராது. மூடிய குழாய்களுக்குள் அறையின் உஷ்ணத்தை வாங்கி ஆவியாகி, கம்ப்ரசரால் அழுத்தப்பட்டு, வெளிக் காயிலில் அவ்வுஷ்ணத்தை உதறி மீண்டும் திரவமாகும் அது, யந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதே அளவில் இருக்க வேண்டியது; குறைந்ததென்றால் எங்கோ துவாரம் உண்டு.

அத்துவாரத்தின் கர்த்தா இப்பிரதேசத்தில் பெரும்பாலும் கடற்காற்றே. தாமிரக் குழாயின்மேல் மெல்லிய அலுமினியத் தகடுகளைச் செருகிச் செய்த வெளிக் காயிலில் உப்புத் திவலை படிந்து ஈரம் கோத்துக்கொள்ளும்போது, இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகிவிட, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாய் உதிர்கிறது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் தாமிரக் கவசத்தைக் காக்க இரும்பையோ துத்தநாகத்தையோ பலிகொடுக்கலாம் என்று ஹம்ஃப்ரி டேவி 1824-இல் எடுத்துரைத்த தத்துவம் இதுவே; இன்றும் எஃகுக் கப்பல்களின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகள் பொருத்துவது அதற்காகத்தான். கப்பலில் அறிந்து கொடுக்கும் பலி, வீட்டுச் சுவரில் யாரும் கேளாமலே நடக்கிறது. தகடு உதிர உதிர உஷ்ணம் வெளியேற வழியின்றிக் கம்ப்ரசர் கொதிக்கிறது. காவல் இழந்த தாமிரத்தையோ உப்பும், 1969 முதல் இயங்கும் மணலி சுத்திகரிப்பு ஆலையைப் போன்றவையும் நிலக்கரி எரிக்கும் அனல் மின்நிலையங்களும் வெளிவிடும் கந்தக வாயுக்களும் நேரடியாகப் பற்றுகின்றன.

பழைய வீடுகளின் சங்கடம் வேறு. தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட 'மெட்ராஸ் டெரஸ்' கூரையை உயர்த்திக் கட்டி, மேலே காற்றுத் துவாரமும் வைத்தவர்கள் உஷ்ணக் காற்றை வெளியேற்றவே அப்படிச் செய்தார்கள். அடைத்த அறையைக் கேட்கும் யந்திரம் பின்னால் வந்தது அவர்கள் குற்றமன்று.

பழுதுபார்க்கும் முறை எளியதுதான், பொறுமைதான் அரிது. நைட்ரஜனை அழுத்திச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி எழும் இடத்தைக் கண்டு பற்றவைத்து, வாக்குவம் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் நீக்கியபின், யந்திரத்தில் குறித்துள்ள எடைக்கு வாயுவை நிறுத்து நிரப்ப வேண்டும். புதிய யந்திரங்களிலுள்ள ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியதாகையால், அதை முற்றிலும் அகற்றாமல் குழாயருகே நெருப்பைக் கொண்டுபோகலாகாது. தகடுகள் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்த காயிலை ஒட்டுப்போடுவது வீண்செலவு, மாற்றிவிடுவதே சிக்கனம். புதுக் காயிலை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அமிலம் கலவாத நல்ல தண்ணீரால் அவ்வப்போது அலம்பி உப்பைக் கழுவலாம். போர்த்தண்ணீரே உப்புக்கரிக்கும் தெருக்களில் லாரித் தண்ணீரில் ஒரு குடத்தை இதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கும்.